பெஞ்சில் இருந்த பதினாறு வருடம்

அன்டன் பதினாறு வருடம் கழகங்களுக்காக உதைபந்தாட்டம் ஆடியவர். ஏழு கழகங்களின் ஜேர்சியைப் போட்டிருக்கிறார். அந்தப் பதினாறு வருடத்தில் அவர் மைதானத்துக்குள் இறங்கி ஆடிய போட்டிகள் நாற்பத்தொன்று. மற்ற நாட்களில் கையுறையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டவர்களிடம் இதை அவரே சொல்வார். ஒன்றைக் கூட்டிச் சொல்லவும் மாட்டார், வெட்கப்பட்டு மறைக்கவும் மாட்டார்.

அவர் இரண்டாவது கோல் காப்பாளர். அணியில் இதைவிடச் சங்கடமான இடம் வேறு இல்லை. முன்னணியில் ஆடுபவர் களைத்துப்போனால் பெஞ்சில் இருக்கிற இன்னொருவர் உள்ளே போவார். கோல் காப்பாளர் களைப்பதில்லை. அவருக்கு அடிபட்டால்தான் இரண்டாமவருக்கு வேலை. அப்படி அடிபட வேண்டும் என்று நினைக்கவும் முடியாது. காலையில் ஒரே மேசையில் பாணும் பருப்பும் சாப்பிட்ட ஆள் அவர்.

அன்டன் பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம், ஸ்டோன்ஹில் என்ற தோட்டத்தின் மேல்பிரிவில். அப்பா மரியநாயகம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அம்மா இராசம்மா கொழுந்தெடுத்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே பழைய தேயிலையைப் பிடுங்கிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம் மைதானமாக இருந்தது. சமப்படுத்தியது என்று பேர்தான். மேல் கோலுக்கும் கீழ் கோலுக்கும் ஓர் ஆள் உயரம் வித்தியாசம். கீழ் கோலுக்குப் பின்னால் நேரே தேயிலை மலை இறங்கும். அதற்கும் கீழே ஆறு. அங்கே நிற்பவன் பந்தை விட்டால் அவனே போய் எடுத்துவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். மழைக்காலத்தில் போய்த் திரும்பினால் இரண்டு காலிலும் அட்டை தொங்கும்.

அதனால் கீழ் கோலில் நிற்க ஒருவரும் சம்மதிப்பதில்லை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் சாப்பாடு கொடுத்துவிட்டு எப்போதும் கடைசியாக வந்து சேர்கிற அன்டனுக்கு அந்த இடம்தான் மிஞ்சும். மலை இறங்கி ஏறுகிற தொல்லைக்குப் பயந்தே பந்தை விடாமல் பிடிக்கப் பழகினார். பதினைந்து வயதில் அவர் கையில் பட்ட பந்து நழுவியதில்லை என்று தோட்டத்தில் பேச்சாகிவிட்டது.

பதினெட்டு வயதில் மாவட்டப் போட்டியொன்றில் அவரைப் பார்த்த கொழும்புக் கழகம் ஒன்று அழைத்தது. புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் வேலை, மாலையில் பயிற்சி, கடைக்கு மேலே படுக்கை. மரியநாயகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அங்க போனா ஆட விடுவாங்களா?”

“விடுவாங்க.”

முதல் இரண்டு வருடத்தில் மூன்று போட்டிகளில் விட்டார்கள். பிறகு கொழும்பிலேயே இன்னொரு கழகம், அடுத்து களுத்துறை, யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் அவரது மலையகப் பேச்சைக் கேட்டு முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். “வந்துட்டாங்க, போய்ட்டாங்க” என்று அவரைப் போலப் பேசிக் காட்டினார்கள். ஒரு மாதத்தில் அதே ஆட்கள் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் நண்டுக் கறி கொடுத்தார்கள். ஒரு பருவம் மாலைதீவிலும் இருந்தார். கடல் காற்றும் வெயிலும் சேர்ந்து தோலை உரித்ததைத் தவிர அங்கே சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்கே போனாலும் கதை ஒன்றுதான். கழகத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல கோல் காப்பாளர் இருப்பார். இரண்டாவதாக ஒருவர் தேவைப்படும். அன்டன் பிரச்சினை கொடுக்காத ஆள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அதிக காலம் இருந்தது நீர்கொழும்பில், ஐந்து வருடம். அங்கே முதல் காப்பாளர் ரொஷான் என்ற சிங்களவர். மீன்பிடிக் குடும்பம், ஆறடி உயரம், ஐந்து வருடத்தில் ஒரு காய்ச்சல் தடிமன்கூடப் பிடிக்காத உடம்பு. அன்டனை “மல்லி” என்றுதான், தம்பி என்பதைச் சிங்களத்தில், கூப்பிடுவார். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ரொஷானுக்குப் பந்தடித்துக் கொடுத்து உடம்பைச் சூடேற்றுவது அன்டனின் வேலை. அதோடு அவராகவே எடுத்துக்கொண்ட வேலை ஒன்றும் இருந்தது. எதிரணியில் யார் பெனல்டி அடிப்பார், ஓடி வரும்போது தோள் எப்படித் திரும்பும், பயந்தால் எந்தப் பக்கம் அடிப்பார் என்று எல்லாவற்றையும் பெஞ்சில் இருந்தே பார்த்து மனதில் வைத்துக்கொள்வார். இடைவேளையில் ரொஷானின் காதில் சொல்வார். ரொஷான் நிறுத்திய பெனல்டிகளுக்குப் பத்திரிகையில் படம் வரும்போது, அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து அன்டனிடம் கொடுத்து, “பாதி உன்னுடையது, மல்லி” என்பார்.

அந்தக் காலத்தில்தான் அன்டன் ஜொய்சியைக் கல்யாணம் செய்தார். ஜொய்சி பொல்பிட்டியவைச் சேர்ந்தவர். அவரது அப்பா அங்குள்ள நீர்மின் நிலையத்தில் தோட்டவேலை பார்த்தார். ஜொய்சி கினிகத்தேனையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கணவரின் போட்டிகளைப் பார்க்க முதல் வருடம் நான்கு தடவை நீர்கொழும்புக்குப் போனார். நான்கு தடவையும் பெஞ்சைத்தான் பார்த்துவிட்டு வந்தார். “உங்க முதுகு எனக்கு நல்லாப் பழகிருச்சு” என்று சொல்லிச் சிரித்தார்.

ஐந்தாவது வருடம் ஒரு கிண்ணத்துக்கான அரையிறுதியில், எழுபத்தோராவது நிமிடம், ரொஷானின் கணுக்கால் பிசகியது. நீர்கொழும்பு ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. அன்டன் உள்ளே போனார். மூன்றாவது நிமிடமே பந்து அவர் கையில் பட்டு உள்ளே போய்விட்டது. பிடித்திருக்க வேண்டிய பந்து. கூட்டத்தில் யாரோ சிங்களத்தில் திட்டியது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றையும் விடவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனல்டிக்குப் போனது. ஐந்து வருடமாகப் பார்த்து வைத்த தோள்களும் இடுப்புகளும் அன்று அவருக்கு நேரே ஓடி வந்தன. இரண்டை நிறுத்தினார். ரொஷான் நொண்டிக்கொண்டே ஓடி வந்து அவரைத் தூக்கினார்.

இறுதிப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. எட்டாவது நாள் ரொஷானின் கால் சரியாகிவிட்டது. அன்டனுக்கு அது தெரியும். அந்தக் காலுக்கு ஐஸ் வைத்துவிட்டவரே அவர்தான். ஆனாலும் மனதில் ஓர் ஆசை இருந்தது. போட்டியன்று உடை மாற்றும் அறைக்குப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த கடதாசியில் முதல் பெயர் ரொஷான். பன்னிரண்டாவது பெயர் அன்டன். பயிற்றுவிப்பாளர் அறையில்தான் நின்றார். யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அன்டனைப் பார்த்தார், பேச்சைத் தொடர்ந்தார்.

அன்டன் வெளியே போய் அணியின் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்து ஜொய்சிக்கு அழைப்பெடுத்தார்.

“எங்க இருக்கீங்க?”

“பஸ்ல.”

“எந்த பஸ்ல? வீட்டுக்கு வர்றீங்களா?”

“இல்ல, டீம் பஸ்ல. எம் பேரு பதினொண்ணுல இல்ல.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. பேப்பர்ல ஒட்டியிருந்துச்சு.”

“நேர்ல ஒரு வார்த்த சொல்லல?”

“இல்ல.”

“வரணும்னா வந்துருங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.” பிறகு, யோசித்தவர் போல, “ஆனா ரொஷானுக்கு இப்ப யாரு பந்தடிச்சுக் குடுப்பா?” என்றார்.

அன்டன் பஸ்ஸில் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தார். பிறகு இறங்கிப் போய் ரொஷானுக்குப் பந்தடித்துக் கொடுத்தார். நீர்கொழும்பு வென்றது. கிண்ணத்தோடு எடுத்த படத்தில் அவர் ஓரத்தில் நிற்கிறார். பாதித் தோள் வெட்டுப்பட்டுவிட்டது.

ஆடும் பதினொருவரில் பெயர் போடாதது அவருக்கு வலித்தது. ஆனால் அதற்கு ஒரு நியாயம் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். ரொஷான் அவரைவிடச் சிறந்தவர். ஆறாமல் நின்றது, அதை நேரில் சொல்லாதது. ஒரு மனிதனைக் கூப்பிட்டு, “இன்றைக்கு நீ இல்லை, காரணம் இது” என்று சொல்ல அரை நிமிடம் போதும். பதினாறு வருடத்தில் ஏழு கழகங்களிலும் அந்த அரை நிமிடத்தை அவருக்குக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

கடைசியாக ஆடியது குருநாகலில். முப்பத்து நான்காவது வயதில் வலது தோள் மேலே போகாமல் நின்றுவிட்டது. ஊர்ப் பக்கம் திரும்பி, பொல்பிட்டியவில் ஜொய்சியின் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டி, ஒரு த்ரீவீல் ஆட்டோ வாங்கி, கினிகத்தேனைச் சந்தியில் நிறுத்தி ஓட்டினார். இரண்டரை வருடம் பந்தையே தொடவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் போனால் எழுந்து வெளியே போய்விடுவார். ஜொய்சி அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

நாட்டில் பெற்றோலுக்கு வரிசை நின்ற வருடம் வந்தது. கினிகத்தேனையில் கிடைக்காமல் அன்டன் அட்டனுக்குப் போய் வரிசையில் நின்றார். முதல் நாள் பகல் முழுக்க வரிசை முப்பது அடிதான் நகர்ந்தது. அவருக்கு முன்னால் ஒரு சின்ன லொறி. அதன் சொந்தக்காரர் பிரதாப், அட்டனில் இரும்புக்கடை வைத்திருப்பவர், அங்குள்ள மலைமுகில் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர். பொழுது போகாமல் தன் கைபேசியில் கழகத்தின் பழைய ஆட்டமொன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பெனல்டிகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது ஆள் ஓடத் தொடங்கியதுமே, பின்னால் நின்று எட்டிப் பார்த்த அன்டன், “எடது பக்கம்” என்றார். பந்து இடது பக்கம் போனது. இரண்டாவதும் அவர் சொன்னபடியே. மூன்றாவதும் அப்படியே.

“இந்த மெட்ச்ச முன்னாடி பாத்திருக்கீங்களா?” என்று பிரதாப் கேட்டார்.

“இல்ல முதலாளி. இடுப்பப் பாருங்க, அது பொய் சொல்லாது.”

நான்காவதில் அவர் சொன்னது தவறிப்போனது. அதற்கு அவர் தாமே சிரித்த விதம் பிரதாப்புக்குப் பிடித்துவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் வரிசை முன்னேறுவதற்குள் ஏழு கழகங்களின் கதையையும் கேட்டுவிட்டார். பெற்றோல் அடித்து முடிந்ததும், “எங்க கீப்பர்மாருக்குச் சொல்லிக் குடுக்க வாங்க. பெருசா ஒண்ணும் தர ஏலாது. பஸ் காசும் கொஞ்சம் மேலயும்” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, ஜொய்சி திருத்திக்கொண்டிருந்த கொப்பிகளை மூடி வைத்தார். “போங்க. ரெண்டரை வருஷமா டீவியப் பாத்தா எந்திரிச்சுப் போறீங்க. இனி உள்ள இருந்து பாருங்க.”

கழகத்தில் முதலில் அவரைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொரு போட்டி ஆடியவர் என்பது தெரிந்ததும் உள்ளூரச் சிரித்தார்கள். அவருக்குக் கிடைத்தது இரண்டு காப்பாளர்கள்: முதலாமவர் ஜெரோமி, இரண்டாமவர் டினேஷ். டினேஷ் டிக்கோயாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். இரண்டு வருடமாகப் பெஞ்சில் இருந்தார். ஒரு நாள் பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றும்போது கேட்டார்.

“எனக்கு எப்பண்ணே சான்ஸ் வரும்?”

“தெரியாது.”

“இந்த சீசன்ல வருமா?”

“வராமலே போகலாம் டினேஷ். நான் பொய் சொல்லல. ஆனா வந்தா, அன்னைக்கி நீ ரெடியா இருக்கணும். அது மட்டும் உங்கையில இருக்கு. அதுக்கு நான் கூட இருக்கேன்.”

டினேஷ் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் அரை மணித்தியாலம் முன்னதாக மைதானத்துக்கு வந்திருந்தார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

இரண்டாவது வருடம் அன்டன் பயிற்றுவிப்பாளர் சான்றிதழுக்கான வகுப்புக்குப் போனார். பாடமெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. சிங்களம் அவருக்குப் பேச வரும், எழுத வராது. ஜொய்சி வீட்டில் இருந்தே கைபேசியில் அவர் அனுப்பிய பக்கங்களைத் தமிழில் எழுதித் திருப்பி அனுப்பினார். முதல் தடவை எழுத்துப் பரீட்சையில் தவறினார். இரண்டாவது தடவை சித்தியடைந்தார்.

அவர் சான்றிதழோடு திரும்பிய பருவத்தில் மலைமுகில் கழகம் மாகாணத் தொடரில் கடைசி இடத்தில் கிடந்தது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆறு போட்டிகள் மிச்சம். பிரதாப் கடை மேசைக்குப் பின்னால் இருந்து, “வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க பாருங்க அன்டன்” என்றார். அன்டன் சரி என்றார்.

அவர் முதலில் செய்தது பெஞ்சில் இருந்தவர்களைக் கவனித்தது. போட்டியில் இறக்காத பதினொரு பேரையும் சேர்த்து ஓர் அணியாக்கி, புதன்கிழமைகளில் சுற்றுவட்டாரத் தோட்ட அணிகளோடு ஆட வைத்தார். தானும் கூடப் போனார். வெள்ளிக்கிழமைக்குள், மறுநாள் ஆடாதவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய் நேரில் காரணம் சொன்னார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். அன்டன் அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். முதல் மூன்று போட்டிகளில் ஒன்று வெற்றி, இரண்டு சமநிலை. கழகம் கடைசி இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்தது.

நான்காவது போட்டிக்கு முன்னால்தான் அணித் தலைவர் அழகனின் விடயம் வந்தது. அழகன் ராகலைக்காரர். மரக்கறி லொறி ஓட்டுபவர். லொறி அட்டனுக்கு வருகிற நாட்களில் பயிற்சிக்கு வருவார். பத்து வருடமாகக் கழகத்துக்கு அதிக கோல் அடித்தவர் அவர். முப்பத்து நான்கு வயதில் கால் கனத்துவிட்டது. லிந்துலையிலிருந்து வந்த வேகமான ஒருவர் அவருடைய இடத்துக்குத் தயாராக இருந்தார். அழகனுக்குப் பதிலாக அந்த லிந்துலைக்காரரை ஆட இறக்க அன்டன் முடிவெடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஒரு பஸ், அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஒன்று, அங்கிருந்து ராகலைக்கு ஒன்று. அழகனின் வீட்டைத் தேடிப் பிடித்தபோது பகல் ஒரு மணி. அழகனின் மனைவி நாகலெட்சுமி கதவைத் திறந்து, உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்தார். அழகன் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்தபடி வந்தார்.

“என்னாண்ணே, இம்புட்டுத் தூரம்?”

“நாளைக்கி நீங்க ஆடல, அழகன். பெஞ்சில இருக்கீங்க. லிந்துலையாளப் போடுறேன்.”

அழகன் எதிரே உட்கார்ந்தார். “டெலிபோன்ல சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.”

“கெப்டன நிப்பாட்டுறதுக்கு மூணு பஸ் ஏறி வந்தீங்களா?”

“அதுக்குத்தான் வந்தேன். மாத்தள டீம் வேகமா ஓடுற டீம். உங்களால அவங்களோட ஓட ஏலாது.”

நாகலெட்சுமி உள்ளேயிருந்து வந்து, அன்டன் பாதி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அதுதான் பதில். அழகன் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். ஆனால் பஸ் வருமுன்பே திரும்பி நடந்தார்.

மறுநாள் அழகன் போட்டிக்கே வரவில்லை. மாத்தளை மூன்று கோல் அடித்தது. லிந்துலைக்காரர் நன்றாகத்தான் ஓடினார். ஆனால் பந்தை அவர் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை. முதல் இருபது நிமிடத்திலேயே அன்டனுக்கு விளங்கிவிட்டது. முன்னால் நின்று பந்தை வாங்கி வைத்துக்கொண்டு, இடம்பார்த்து அனுப்பி, மற்றவர்களைச் சத்தம் போட்டு நகர்த்துகிற வேலையை இத்தனை நாளும் அழகன் செய்துவந்திருக்கிறார். அவர் ஓடாததையே பார்த்துக்கொண்டிருந்த அன்டன் இதைப் பார்க்கத் தவறிவிட்டார். உள்ளே அனுப்பலாம் என்றால் பெஞ்சில் அழகன் இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி மூன்று பஸ். நாகலெட்சுமி கதவைத் திறந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இன்னைக்கி யார நிப்பாட்ட வந்தீங்க, என்னையவா?”

“இல்லம்மா. பிழ விட்டுட்டேன்னு சொல்ல வந்தேன்.”

நாகலெட்சுமி சற்று நேரம் அவரைப் பார்த்தார். பிறகு வழி விட்டார். அழகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழும்பவில்லை.

“அப்ப அடுத்த மெட்ச் நான் ஆடுறனா?” என்று கேட்டார்.

“அரை மெட்ச். ரெண்டாவது பாதி.”

“பிழ விட்டேன்னு சொல்றீங்க, திரும்பவும் பெஞ்சில வைக்கிறீங்க.”

“உங்களால தொண்ணூறு நிமிசம் ஏலாது. அதுல நான் பிழ விடல. நீங்க என்னா செய்றீங்கன்னு பாக்காம ஓடுறதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுதான் பிழ. அவங்க களைச்ச பிறகு நீங்க உள்ள போனா, நாலஞ்சு பேர் வேலைய நின்ன இடத்துல செய்வீங்க. எனக்கு அது வேணும்.”

அழகன் தட்டில் இருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: “இவ்ளோ வருஷத்துல எந்தக் கோச்சும் எங்கிட்ட பிழ விட்டேன்னு சொன்னதில்லண்ணே.” பிறகு மனைவியைப் பார்த்து, “அண்ணனுக்குச் சோறு போடு” என்றார். நாகலெட்சுமி போட்டார். லீக்ஸ் பொரியலும் கருவாடும் இருந்தன. அன்டன் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஐந்தாவது போட்டி சமநிலை. கடைசிப் போட்டி அட்டனில், கண்டி அணியோடு. தோற்காவிட்டால் கழகம் அதே தரத்தில் நிற்கும். தோற்றால் கீழே இறங்கும். அன்று மழை, பிறகு பனிமூட்டம். ஒரு கோலில் நிற்பவருக்கு மறு கோல் தெரியாமல் போய், நடுவர் இருபது நிமிடம் ஆட்டத்தை நிறுத்தினார். இடைவேளையில் கண்டி ஒரு கோல் முன்னால். அழகன் உள்ளே போனார். ஓடவில்லை. நடுவில் ஒரு மரத்தைப் போல நின்று, வந்த பந்தையெல்லாம் நெஞ்சில் வாங்கி இறக்கி, இடத்துக்கு இடம் அனுப்பிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டாவது நிமிடம் அவர் திரும்பிப் பார்க்காமலே பின்னங்காலால் தள்ளிவிட்ட பந்தை லிந்துலைக்காரர் வாங்கி அடித்தார். கோல் கணக்கு ஒன்றுக்கு ஒன்று என்று சமமானது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஜெரோமி மூன்று பந்துகளை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் முதலில் துள்ளியெழுந்தவர் டினேஷ். அவரை அன்டன் திரும்பிப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் முகத்தைத் திருப்பி மழையைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்தார்.

மலைமுகில் தப்பியது. பிரதாப் மைதானத்துக்குள் ஓடி வந்து சேற்றோடு சேற்றாக எல்லோரையும் கட்டிப்பிடித்தார். பட்டாசு கொளுத்தினார்கள், மழையில் பாதி வெடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைப் பொழுது பிரதாப்பின் லொறி கினிகத்தேனைச் சந்தியில் வந்து நின்றது. அவர் இறங்கி அன்டனின் த்ரீவீலில் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

“நீங்க எல்லாருக்கும் செய்ற மாதிரியே நேர்ல சொல்ல வந்தேன் அன்டன். கொழும்பில இருந்து ஒருத்தர எடுக்கிறோம். பெரிய பேரு. ஸ்பொன்சர் பண்றவங்க அவரத்தான் கேக்குறாங்க. நீங்க பழையபடி கீப்பர்மாரப் பாருங்க.”

அன்டன் கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நாவலப்பிட்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. “நேர்ல வந்து சொன்னீங்களே முதலாளி, அதுக்கு சந்தோஷம்” என்றார். அன்று மத்தியானம் வரைக்கும் அவர் சவாரி எடுக்கவில்லை.

ஜொய்சிக்குத்தான் கோபம் அடங்கவில்லை. “கீழ போக இருந்த டீம நிப்பாட்டினது நீங்க. பேரு வேற ஆளுக்கா?” என்று இரண்டு நாள் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தார். அன்டன் அடுத்த பருவம் முழுவதும் பெரிய பெயருக்குக் கீழே காப்பாளர்களைப் பார்த்துக்கொண்டார். முகம் கோணாமல் பார்த்தார். அந்த வருடம் ஜெரோமி வேலைக்காகக் கட்டாருக்குப் போனதும் டினேஷ் முதல் காப்பாளரானார். பதினான்கு போட்டிகளும் ஆடினார்.

அதற்குள் அன்டனின் பேர் வேறு விதமாகப் பரவியிருந்தது. பல கழகங்களில் பெஞ்சில் இருந்தவர்களும், இடம் கிடைக்காமல் போனவர்களும், அட்டனில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று பேசினார்கள். நீர்கொழும்பில் இப்போது கழகச் செயலாளராக இருக்கும் ரொஷான், கம்பளையில் ஒரு கழகம் பயிற்றுவிப்பாளர் தேடுவதைக் கேள்விப்பட்டு அவர்களுக்கு அழைப்பெடுத்தார். ஐந்து நிமிடம் பேசினாராம். கம்பளைக்காரர்கள் அடுத்த வாரமே பொல்பிட்டியவுக்கு வந்து அன்டனைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக ஒப்பந்தம் எழுதி எடுத்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உதவிக்கு ஓர் ஆளை அவரே கொண்டுவர வேண்டும். அந்த ஆள் அழகன்.

இந்த வருடம் தொடங்கிய பருவத்தின் முதல் போட்டியில் கம்பளை கோல் எதுவும் இல்லாமல் சமநிலையில் முடித்தது. முடிந்ததும் இருவரும் கம்பளை பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். ஒருவர் நாவலப்பிட்டி வழியாகக் கினிகத்தேனைக்கு, மற்றவர் நுவரெலியா வழியாக ராகலைக்கு. முன்னணி வீரர்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள் என்று அழகன் வழி முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டே வந்தார். அன்டன் இரண்டு வடை வாங்கி ஒன்றை அவரிடம் கொடுத்தார். வாயில் வடையோடும் அழகன் பேச்சை விடவில்லை.

நுவரெலியா பஸ் முதலில் வந்தது. அழகன் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டபோது தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணே, அந்த எடது பக்கத்து ஆள வியாழக்கிழம கொஞ்சம் முன்கூட்டி வரச் சொல்லுங்க. நான் தனியா பாத்துக்கிறேன்.”

“நீங்களே சொல்லுங்க. நம்பர் இருக்குல்ல.”

“இருக்கு. ஆனா நேர்ல போய்ச் சொல்லுவோமே.”

பஸ் திரும்பி மேலேறத் தொடங்கியது. அன்டன் கையைத் துடைத்துக்கொண்டு நாவலப்பிட்டி பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. கதவோரம் ஒரு கால் வைக்க இடம் இருந்தது, ஏறிக்கொண்டார்.